தலைக்காயத்துக்குப் பின் மூளைக்கு எத்தனை நாள் ஓய்வு?

பைக்கிலிருந்து விழுந்தவரின் சி.டி. ஸ்கேன் நார்மல் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடுகிறது. ஒரு வாரம் போனபிறகுதான் குறை தெரிகிறது. கடைக் கணக்கைப் பாதிவரை கூட்டியவர், முந்தைய தொகை நினைவில் நிற்காமல் மறுபடி முதல் வரிக்குப் போகிறார். டி.வி. ஓடும்போது யாராவது பேசினால் எரிந்து விழுகிறார். இதற்கு வீடுகளில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான்: மூளைக்கு வேலை கொடுக்காமல் படுத்திரு. அக்கறையாகச் சொல்வதுதான், ஆனால் முதல் இரண்டு நாளுக்கு மேல் அது மீட்சியைத் தள்ளிப்போடும் என்பதே இன்றைய ஆய்வுகளின் முடிவு. (இங்கே பேசுவது 'கன்கஷன்' எனப்படும் லேசான தலைக்காயத்தைப் பற்றி. மூளைக்குள் ரத்தக்கசிவு, நீண்ட நினைவிழப்பு எல்லாம் வேறு கதை.)

கன்கஷனில் நரம்பணுக்கள் பெரும்பாலும் சாவதில்லை. அவற்றின் வேலைதான் குலைகிறது. அணுவுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. அதைச் சரிசெய்ய அணுக்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் குளுக்கோஸை எரிக்கின்றன. அதே சமயம் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கிறது. கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும் ஸ்கேனில் இந்த எரிபொருள் தட்டுப்பாடு தெரியாது. ஆகவே "ஸ்கேன் நார்மல், சும்மா நடிக்கிறான்" என்பது அறியாமை. தட்டுப்பாட்டு நேரத்தில் வேலை வாங்கக்கூடாது என்ற தர்க்கத்தில்தான் இருட்டறையில் படுக்கவைக்கும் ஓய்வு பிறந்தது. தர்க்கம் சரிதான். ஆனால் எத்தனை நாளைக்கு என்பதை நெடுங்காலம் யாரும் முறையாகச் சோதித்துப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் மில்வாக்கியில் அதைச் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வெளியானது. 11 முதல் 22 வயதுவரையிலான 99 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு 5 நாள் கடும் ஓய்வும், மற்றதற்கு ஓரிரு நாள் ஓய்வும் பிறகு படிப்படியான நடமாட்டமும் சொன்னார்கள். அதிக அறிகுறிகளைச் சொன்னதும், மெதுவாகத் தேறியதும் கடும் ஓய்வு எடுத்தவர்களே. பஃபலோ பல்கலைக்கழகத்தினர் தலைமையில் 103 பதின்வயதினரிடம் நடத்திய ஆய்வு 2019-இல் வந்தது: காயம்பட்ட சில நாளிலேயே அளவான உடற்பயிற்சி தொடங்கியவர்கள் பொதுவாக 13 நாளில் குணமானார்கள், கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. லேசாக அடிபட்டவர்தானே சீக்கிரம் எழுந்து நடப்பார் என்று கேட்கலாம். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது என்பதால் அந்தச் சந்தேகம் இங்கே பொருந்தாது. இரண்டுமே இளையோரிடம் செய்தவை என்ற குறை மட்டும் உண்டு.

அப்படியானால் மூன்றாம் நாளே வேலைக்குப் போய்விடலாமா? அதுவும் தப்பு. 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மருத்துவ வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் எளிமையானது. முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டோடு இருந்து, செல்போனைக் குறைத்து, லேசாக நடக்கலாம். பிறகு உழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பத்துப் புள்ளி அளவில் தலைவலி இரண்டு புள்ளிக்குள் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பயமில்லை. அதைத் தாண்டினால் ஒரு படி இறங்க வேண்டும். படிப்புக்கும் கணக்கு வேலைக்கும் இதே வழி. ஆனால் இரண்டாம் முறை தலையில் அடிபடும் வாய்ப்புள்ள எதுவும், வண்டி ஓட்டுவது உட்பட, டாக்டர் சொல்லும்வரை கூடாது. வாந்தி தொடர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, உடலின் ஒரு பக்கம் பலவீனமானாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ உடனே மருத்துவமனைதான்.

மூளை டானிக்? நம் மருந்துச் சீட்டுகளில் தாராளமாக எழுதப்படும் சிட்டிகோலினை 1,213 தலைக்காய நோயாளிகளிடம் 90 நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் (2012), வெற்று மாத்திரையைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை. மூளை விளையாட்டுச் செயலிகளின் கதையும் அதுவே. தலைக்காயப் பாதிப்பும் குறையும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக 'லுமோசிட்டி' மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது.

ஆனாலும் சிலருக்கு மந்தம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. லேசான தலைக்காயம் பட்டவர்களில் 53 சதவீதத்தினர் ஓராண்டுக்குப் பிறகும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு சிரமத்தைச் சொன்னதாக 2019-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வில், தலையில் அடிபடாமல் எலும்பு முறிவு போன்ற காயங்கள் பட்டவர்களில் 38 சதவீதத்தினரும் அதையே சொன்னார்கள். ஆகவே சிரமம் பொய்யல்ல. ஆனால் முழுப் பழியையும் மூளைமேல் போட முடியாது. தூக்கமின்மை, வலி, விபத்தின் பயம் ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும், அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்வதுகூட உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு சிறு விளக்கக் கையேடு பெற்றவர்களுக்கு மூன்று மாதத்தில் அறிகுறிகள் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. கணக்கு தடுமாறத் தொடங்குவதோ அதற்கு அப்புறம். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியோடு தமிழில் அப்படியொரு விளக்கத் தாளும் கொடுத்தனுப்பலாம். தினக்கூலிக்காரரால் படிப்படியாக வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முதலாளியிடம் காட்டுவதற்கு, "இரண்டு வாரம் அரைநாள் வேலை, ஏணி ஏறக்கூடாது" என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு வரி அந்தத் தாளில் இருக்க வேண்டும்.