ஹவுராவில் கண்ட ஒரே நோயாளி

2011-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்த பாஞ்ச்லா வட்டாரத்தில், இரண்டு வயது நிரம்பாத ஒரு பெண் குழந்தையின் கால் செயலிழந்தது. கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்தால் ஹவுரா. பாஞ்ச்லா அதே மாவட்டத்தின் உட்பகுதி. வீட்டுக்கு வீடு ஜரிகை வேலை நடைபெறும் ஊர்கள் அங்கு நிறைய உண்டு. குழந்தையின் மலத்தைச் சோதித்ததில் முதலாம் வகைப் போலியோ வைரஸ் காணப்பட்டது. இளம்பிள்ளை வாதத்திற்கான சொட்டு மருந்து அக்குழந்தைக்குப் புகட்டப்பட்டிருக்கவில்லை.

அவ்வாண்டு முழுவதிலும் இந்தியாவில் பதிவான போலியோ நோயாளி அந்தக் குழந்தை ஒன்றே. 2009-ல் நாட்டில் 741 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயினர். உலகெங்கும் கண்ட நோயாளிகளில் அது ஏறத்தாழப் பாதி. 2010-ல் இந்த எண்ணிக்கை 42 ஆகக் குறைந்தது. அவர்களுள் எண்மர் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்கள். 42-லிருந்து ஒன்றாகக் குறைந்தது பெரும் வெற்றி என்று எவருக்கும் தோன்றும். ஆனால் தொற்றுநோயியல் வல்லுநர் இந்த ‘ஒன்றை’ வேறு விதமாகப் படிப்பர். போலியோ வைரஸ் தொற்றியவர்களில் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்கே வாதம் ஏற்படுகிறது. மற்றவர்களுக்குச் சிறு காய்ச்சல் வரலாம். பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இராது. ஆயினும் அவர்களுடைய மலத்தில் வாரக்கணக்கில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். எனவே கால் முடங்கிய குழந்தை ஒன்று என்றால், கண்ணுக்குப் புலப்படாத பல தொற்றுகளின் அடையாளம் என்பதே பொருள்.

பெரியம்மையை ஒழித்த பணியோடு ஒப்பிட்டால் இந்தச் சிக்கல் தெளிவாகும். பெரியம்மை தாக்கியவரின் முகமே நோயை அறிவித்துவிடும். பணியாளர்கள் நோயாளியின் படம் அச்சிட்ட அட்டையைச் சந்தைகளிலும் பள்ளிகளிலும் காட்டி, ‘இப்படி யாரையேனும் கண்டீர்களா?’ என்று கேட்டுக் கண்டுபிடித்தனர். இந்தியாவில் காணப்பட்ட கடைசிப் பெரியம்மை நோயாளி 1975 மே 24-ல் அசாமின் கரீம்கஞ்சில் அறியப்பட்டார். அவ்வளவு வெளிப்படையான நோயும் கொல்கத்தாவின் வாயிலிலேயே ஒரு முறை தப்பிவிட்டதுண்டு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் தங்கியிருந்த சால்ட் லேக் முகாமில் 1971-ன் இறுதியில் பெரியம்மை பரவியபோது, அது முதலில் சின்னம்மை எனக் கருதப்பட்டது. 1972-ன் தொடக்கத்தில் அகதிகள் தாயகம் திரும்பியபோது நோயும் உடன் சென்றது. 1970 ஆகஸ்டிலிருந்து பெரியம்மை அற்றிருந்த அந்நிலப்பகுதி, வங்கதேசம் எனப் புதிய நாடாகப் பிறந்த கையோடு மீண்டும் அந்நோய்க்கு ஆளாயிற்று. நோயின் பெயரைத் தவறாகச் சொன்னதற்கு ஒரு நாடு கொடுத்த விலை அது.

வலை வீசித் தேடுதல்

ஆகவே போலியோ விஷயத்தில் ‘போலியோ நோயாளியைத் தேடுக’ என்று எவருக்கும் உத்தரவிடப்படுவதில்லை. பதினைந்து வயதிற்குட்பட்ட எந்தக் குழந்தைக்கேனும் கை கால் திடீரெனத் தளர்ந்து செயலிழந்தால், காரணம் எதுவாயினும் தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் 1997-ல் தொடங்கிய தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டம் இம்முறையை நாடெங்கும் வேரூன்றச் செய்தது. அரசு மருத்துவமனைகளோடு நில்லாமல் தனியார் மருத்துவர், நாட்டு வைத்தியர், மந்திரிப்பவர் ஆகியோரும் தகவல் தரும் வட்டத்தில் சேர்க்கப்பட்டனர். காலில் வலுவிழந்த குழந்தையைப் பெற்றோர் முதலில் யாரிடம் தூக்கிச் செல்கின்றனர் என்பதை அறிந்தே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. போலியோ அறவே இல்லாத ஊரிலும் வேறு காரணங்களால் சில குழந்தைகளுக்கு இத்தகைய தளர்ச்சி ஏற்படவே செய்யும். பதினைந்து வயதிற்குட்பட்ட லட்சம் பேருக்கு ஆண்டில் ஒருவராவது இவ்வாறு கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பது உலக அளவுகோல். இந்தியா தனக்கு இரண்டு எனக் கடுமையாக வகுத்துக்கொண்டது. ஒரு மாவட்டத்திலிருந்து அறிக்கையே வரவில்லை என்றால், அங்கு நோயில்லை என்று பொருளல்ல. தேடவில்லை என்றே பொருள். ‘இன்மை அறிக்கை’ அனுப்பி மன நிறைவு கொள்ளும் அலுவலகப் பழக்கத்திற்கு இந்த ஓர் அளவுகோல் நல்ல மருந்தாயிற்று.

தகவல் கிடைத்ததும் கண்காணிப்பு மருத்துவ அலுவலர் குழந்தையை நேரில் பார்க்கிறார். வாதம் தோன்றிய பதினான்கு நாட்களுக்குள், குறைந்தது இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. அவை குளிர்நிலை மாறாமல் ஆய்வகம் சேர வேண்டும். வழியில் பனிக்கட்டி உருகிவிட்டால் ‘வைரஸ் இல்லை’ என்னும் முடிவுக்கு மதிப்பில்லை. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனமும் கொல்கத்தாவின் செராலஜி நிறுவனமும் இதற்கான ஆய்வகங்களில் அடங்கும். அறுபது நாட்கள் கழித்துக் குழந்தை மீண்டும் பரிசோதிக்கப்படுகிறது. தளர்ச்சி நீங்காமல் நிலைத்துவிட்டதா என்று அப்போதுதான் தெரியவரும்.

வைரஸின் வம்சாவளி

அடுத்து எழும் கேள்வி, இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது என்பது. மும்பையில் இயங்கிய என்டரோவைரஸ் ஆராய்ச்சி மையம் வைரஸின் மரபுப் பொருளில் ஒரு பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து விடை கண்டது. மேலுறைப் புரதம் ஒன்றை நிர்ணயிக்கும் அப்பகுதியில் சுமார் 900 எழுத்துகள் உள்ளன. வைரஸ் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பரவுகையில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் இவ்வெழுத்துகள் மாறுகின்றன. இரு வைரஸ்களுக்கிடையே ஒன்பது எழுத்து வேறுபாடு இருந்தால் சுமார் ஓராண்டுப் பரவல் இடையில் நிகழ்ந்திருக்கிறது எனலாம். அறியப்பட்ட எந்த வைரஸுக்கும் நெருங்கிய உறவில்லாத ஒன்று அகப்பட்டால், அது நெடுநாள் எவர் கண்ணிலும் படாமல் உலவியிருக்கிறது. கண்காணிப்பு வலையில் எங்கோ பொத்தல் உள்ளது. தன் துறையின் குறையைத் தானே காட்டிக்கொடுக்கும் சோதனை இது. ஆட்சித் துறைகளில் இத்தகைய கருவி அரிது.

ஆய்வகம் வம்சாவளியைத் தேடும்போதே களத்தில் வேறொரு விசாரணை நடைபெற்றாக வேண்டும். குடும்பத்தார் அண்மையில் எங்கு சென்று வந்தனர்? அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு எத்தனை தவணை மருந்து கிடைத்தது? சொட்டு மருந்துச் சுற்று முடிந்த வீட்டுச் சுவரில் பணியாளர் சுண்ணக்கட்டியால் குறியிடுவது வழக்கம். எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டிற்கு ஒரு குறி. குழந்தை வெளியூர் போயிருந்தாலோ பெற்றோர் மறுத்தாலோ வேறு குறி. இரண்டாம் குறியிட்ட வீடுகளுக்குத் திரும்பிச் செல்வதே பணியின் உயிர்நாடி. நோய்வாய்ப்பட்ட குழந்தைக்குச் சொட்டு மருந்து ஆகாது என்ற அச்சம் பல இல்லங்களில் தடையாக இருந்தது. சாதாரணக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இம்மருந்துக்குத் தடையன்று என்பதை முதல் வருகையிலேயே பொறுமையாக எடுத்துரைக்காத ஒவ்வொரு வீட்டிலும் பாதுகாப்பற்ற ஒரு குழந்தை எஞ்சிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னும் சாதனைக் கணக்கில் அக்குழந்தை புலப்படுவதில்லை.

வைரஸ் உறுதியானவுடன் ஹவுராவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் சிறப்புச் சொட்டு மருந்துச் சுற்றுகள் விரைந்து நடத்தப்பட்டன. 2010 ஜனவரியில் அறிமுகமான இருவகை மருந்து முதலாம், மூன்றாம் வகை வைரஸ்களை ஒருசேரத் தடுக்க வல்லதாக இருந்தது. மூன்றாம் வகையின் கடைசி இந்திய நோயாளி 2010 அக்டோபரில், மேற்கு வங்காள எல்லையை ஒட்டிய ஜார்க்கண்டின் பாகூர் மாவட்டத்தில் காணப்பட்டார். இரண்டாம் வகை 1999-லேயே அலிகாரோடு மறைந்துவிட்டது.

பாஞ்ச்லாக் குழந்தையே கடைசி நோயாளி என்று 2011-ல் எவராலும் சொல்ல இயலவில்லை. அதை மெய்ப்பிக்க, தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல் மூன்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது. 2012 பிப்ரவரியில் போலியோ நிலைத்துள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. 2014 மார்ச் 27-ல் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுவதும் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டது.

அதன் பின்னும் தேடல் நிற்கவில்லை. நோயாளிக்காகக் காத்திராமல் நகரங்களின் கழிவுநீரிலேயே வைரஸைத் தேடும் முறை மும்பையில் 2001-ல் தொடங்கிப் பின்னர் தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களுக்கும் விரிந்தது. 2022-ல் கொல்கத்தாவின் மேட்டியாபுரூஸ் பகுதிக் கழிவுநீரில் ஒரு போலியோ வைரஸ் அகப்பட்டது. அது இயற்கை வைரஸ் அன்று. சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸிலிருந்து மாறித் திரிந்தது. எவரும் நோயுற்றதாக அறியப்படவில்லை. இருப்பினும் அப்பகுதிக் குழந்தைகளுள் மருந்து பெறாதோர் யார் யார் என்ற பழைய கேள்வி மீண்டும் எழுந்தது.