புளிக்காத எலுமிச்சை

பாங்காக் காய்கறிச் சந்தைகளில் 'டொம் யம்' சூப்புக்கென்றே ஒரு கட்டு கிடைக்கும். எலுமிச்சைப் புல்லின் தண்டு, பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சை இலை மூன்றும் அதில் இருக்கும். நாம் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் சேர்த்து வாங்குவதில்லையா, அப்படித்தான். இந்தப் புல் தாய்லாந்தில் 'தக்ராய்', மலாயில் 'செராய்', வியட்நாமில் 'ஸா'.

இதன் மணத்துக்குக் காரணம் சிட்ரால். எலுமிச்சம்பழத் தோலிலும் அது உண்டு. ஆனால் பழச்சாற்றின் புளிப்பு புல்லில் கிடையாது. இதன் அருமை முழுக்க அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் மணம் கெடும், இறக்கியபின்தான் பிழிகிறோம். புல்லையோ மணிக்கணக்கில் கொதிக்க விடலாம். சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் மாட்டிறைச்சியைத் தேங்காய்ப்பாலில் போட்டு, நீர் சுண்டிக் கருக்கும்வரை கிளறும் ரெண்டாங்கில் இது தொடக்கத்திலிருந்தே வேகும். டொம் யமில் புல் முதலில் கொதிக்கும், சாறு கடைசியில் சேரும். இறால் சேர்த்த அந்த டொம் யம் குங், 2024இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

தண்டில்தான் சாரம்

சமையலுக்கு வேண்டியது அடியில் வெளுத்திருக்கும் நாலைந்து அங்குலம். முற்றிய மேல்மடல்களை உரித்துவிட வேண்டும். நாரை மெல்ல முடியாது என்பதால் வழி இரண்டு. ஒன்று, நசுக்கிப் போட்டு, வெந்ததும் எடுத்துவிடுவது. வியட்நாமின் ஹுவே நகரத்து மாட்டிறைச்சி நூடுல்ஸ் குழம்பு இப்படித்தான் மணக்கிறது. மற்றொன்று, மெல்லிசாக அரிந்து உரலில் இடிப்பது. மஞ்சள், பூண்டு, பேரரத்தையோடு இதை இடித்தால் கம்போடியர்களின் 'குரோங்' விழுது. வாழையிலையில் வேகும் அவர்களது மீன் அமோக்குக்கு அதுவே உயிர். பாலித் தீவில் தண்டையே குச்சியாக்கி, அரைத்த மீனை அதில் பொதிந்து தணலில் சுடுகிறார்கள்.

கேரளத்தில் இதன் இனத்துப் புல்லைக் காய்ச்சி வடித்த எண்ணெய், 'கொச்சி எண்ணெய்' என்ற பெயரில் கடல் கடந்து சோப்புக்கும் வாசனைப் பொருளுக்கும் போனது. நம் வீடுகளில் இலை தேநீரோடு நின்றுவிட்டது. தண்டு அடுப்பேறவே இல்லை.

அடுத்தமுறை கட்டு வாங்கினால் அடித்தண்டை எறியாதீர்கள். ஒன்றை நசுக்கித் தேங்காய்ப்பால் குழம்பில் போடுங்கள். இன்னொன்றைத் தண்ணீரில் நிறுத்துங்கள். வேர்விட்டதும் தொட்டியில் நடலாம்.