டாக்டரின் 2 நிமிடம்: கம்ப்யூட்டர் கூட்டுமா, குறைக்குமா?

ஜவ்வாது மலையில் அமிர்திப் பக்கமிருந்து பிரஷர் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிக்கு வருபவருக்கு ஒருநாள் கூலியே போய்விடலாம். டாக்டரிடம் கிடைப்பதோ சில நிமிடங்கள்தான். 67 நாடுகளை அலசி 2017-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு நோயாளிக்கு டாக்டர் ஒதுக்கும் நேரம் சராசரியாக சுமார் 2 நிமிடம். சுவீடனில் 22 நிமிடத்துக்கும் மேல்!

கம்ப்யூட்டர் இதில் என்ன செய்யும்?

வயது, பிரஷர், சுகர், சாப்பிடும் மருந்துகளைப் பதிந்தால், 'இந்த டெஸ்ட் எடுங்க, இந்த மருந்தைப் பரிசீலிங்க' என டாக்டருக்கு யோசனை சொல்லும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மத்திய அரசின் இ-சஞ்சீவனியிலும் 2023-ல் இப்படியொரு வசதி சேர்க்கப்பட்டது.

நேரம் மிச்சமாகுமா?

யார் டைப் செய்கிறார் என்பதைப் பொறுத்தது. டாக்டரே செய்தால், இருக்கும் 2 நிமிடமும் ஸ்கிரீனுக்கே போய்விடும். ஹரியானா, கர்நாடகாவில் 40 சமுதாய சுகாதார நிலையங்களில் நடந்த 'எம்வெல்கேர்' ஆய்வில், நர்ஸ் முதலில் டேப்லெட்டில் பதிந்தார். யோசனை டாக்டருக்குப் போனது.

அப்போ நோய் குறைந்ததா?

குறைந்தது. ஆனால், ஆப் இல்லாமல் டாக்டர், நர்ஸுக்குப் பயிற்சி மட்டும் தந்த நிலையங்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது என்கிறது 2019-ல் வெளியான முடிவு. ஆக, ஆப் மட்டும் போதாது.

நமக்கு என்ன பாடம்?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். அந்த விவரம் டாக்டர் முன் தயாராக இருந்தால், 'இப்போ என்ன பண்ணுது?' என்று கேட்கவாவது அந்த 2 நிமிடம் மிஞ்சும்.