ஐஸ் பெட்டியும் ஆறு மணி நேரமும்

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த உறுப்பைப் போலீஸ் துணையோடு இவ்வளவு அவசரமாகக் கொண்டு ஓடுவது ஏன், ஐஸில் வைத்தால் கெடாதே என்று நம் சங்கத்து அன்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். நான் மருத்துவன் அல்லன். ரயில்வேயில் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா எஞ்சினீயர். (ரயிலே இல்லாத கொள்ளேகாலில் வந்து குடியேறியதற்கு என் உறவினர்கள் இன்றும் சிரிப்பார்கள்.) படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ரத்த ஓட்டம் நின்றதும் உறுப்பிலுள்ள செல்களுக்குப் பிராணவாயு கிடைப்பதில்லை. நம் செல் ஒவ்வொன்றிலும் உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும் பம்பு ஒன்று உண்டு. சக்தி தீர்ந்ததும் அது நின்றுவிடும். உப்பு உள்ளே புகும், அதன் பின்னால் தண்ணீரும் புகும். ஊறப்போட்ட கொண்டைக்கடலை போல செல் உப்பிவிடும்.

சுமார் 4 டிகிரிக்குக் குளிர வைத்தால் செல்லின் தேவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும், அடியோடு நிற்காது. அதனால்தான் வெறும் ஐஸ் போதாது. உறுப்பிலுள்ள ரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, தனியான ஒரு திரவத்தை நிரப்புகிறார்கள். 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உருவான திரவம் இதில் பெயர் பெற்றது. செல்லுக்குள் நுழைய முடியாத பெரிய சர்க்கரை மூலக்கூறுகள் அதில் இருப்பதால், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கப்படுகிறது. உறுப்பு நேரடியாக ஐஸில் படக்கூடாது, பட்ட இடம் உறைந்து கெடும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்றாகப் பைகளில் இட்டு ஐஸ் பெட்டியில் வைப்பார்கள்.

இத்தனை செய்தும் இதயம் சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் 8 முதல் 12 மணி, சிறுநீரகம் ஒரு நாள் வரை.

எனக்கு வியப்பளித்தது வேறு விஷயம். பெறுபவர் உடலில் பொருத்தி, ரத்தம் திரும்பப் பாயும்போதுதான் பெரிய காயம் ஏற்படுகிறதாம். பிராணவாயு இல்லாத நேரத்தில் செல்லுக்குள் தேங்கிய பொருள்கள், அது வந்தவுடன் ஒரேயடியாக எரிந்து, செல்லையே அரிக்கும் நச்சு மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. நீராவி எஞ்சினில் ஆறிய பாய்லரைப் பல மணி நேரம் நிதானமாகத்தான் சூடேற்றுவோம். அவசரப்பட்டுத் தீயை மூட்டினால் குழாய் முனைகள் கசியும். நான் அதை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் குளிரில் கிடந்ததோ அவ்வளவுக்கு இந்தக் காயமும் அதிகம். அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

இப்போது ஐஸ் பெட்டிக்குப் பதிலாக, திரவத்தை இடைவிடாமல் உறுப்புக்குள் செலுத்தும் கருவிகள் வந்துள்ளன. 2009-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 336 பேரின் சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸிலும் மற்றதைக் கருவியிலும் வைத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பின் கருவியில் இருந்தவற்றில் 94 சதவீதமும், ஐஸில் இருந்தவற்றில் 90 சதவீதமும் வேலை செய்துகொண்டிருந்தன. விலைதான் பயமுறுத்துகிறது.

2008 செப்டம்பரில் சென்னையில் சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் சுமார் 11 நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். 2025 ஜனவரியில் ஹைதராபாத் மெட்ரோ ரயில் ஓர் இதயத்தை 13 நிமிடத்தில் 13 கிலோமீட்டர் கொண்டுபோனது. அதே ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டிலிருந்து ராஜராஜேஸ்வரி நகருக்கு ஒரு கல்லீரல் பயணம் செய்தது. ரயில்காரனுக்குப் பெருமைதான். ஆனால் சைரன் சத்தம் கேட்பதற்கு முன்பே பாதி வேலை தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மூளைச்சாவுக்குப் பின் ரத்த அழுத்தம் விழும், உடல் சூடு குறையும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போகும். இவற்றைச் சரிக்கட்டாமல் விட்டால் உறுப்பு உள்ளேயே கெட்டுவிடும்.

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல். திருநெல்வேலியிலிருந்து தாய்மாமா வந்து சேரட்டும் என்போம். சட்டப்படி டாக்டர்கள் நால்வர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்த பின்பே மூளைச்சாவை உறுதி செய்யும். சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து கலந்து பேச அந்த நேரம் உதவும். அதற்குப் பிறகும் நீட்டினால், வென்டிலேட்டர் இருந்தும் இதயம் நின்றுவிடலாம். அப்போது பெரும்பாலும் கண்களை மட்டுமே கொடுக்க முடியும். கர்நாடகத்தில் உறுப்பு தானத்தை ஒருங்கிணைக்கும் அரசு அமைப்பு ஜீவசார்த்தகதே. விருப்பத்தைப் பதிவு செய்திருந்தாலும் கடைசியில் குடும்பத்தாரின் கையெழுத்தைக் கேட்பார்கள். ஆகவே வீட்டில் இதை முன்னதாகவே பேசி வையுங்கள், தாய்மாமாவிடமும்தான்.