வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்? காசை எங்கே போடணும்?

(எபிசோடின் திருத்தி, சுருக்கிய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி ஆவடியிலிருந்து வந்திருக்கு. கேட்டவர் காலேஜ் மூணாவது வருஷம். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல சின்னதா ஒரு லேத் யூனிட் வெச்சு ஜாப் ஒர்க் பண்றார். கணக்கு வழக்கு எல்லாம் வீட்டில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர்லதான். டேலி, ஜி.எஸ்.டி. பில், கஸ்டமர் அனுப்பின டிராயிங், கூடவே வீட்டில் எல்லாருடைய ஆதார், பான் கார்டு ஸ்கேன். சாயங்காலம் ஆனா அதே மெஷின்ல தம்பி கேம் விளையாடுவான். சர்வீஸுக்குக் கொண்டுபோனப்போ கடைக்காரர், "இதுல ஃபயர்வாலும் இல்ல, ஆன்டிவைரஸும் இல்ல, மூணு வருஷ பேக் ஒண்ணு போட்டுடுங்க"ன்னு சொல்லியிருக்கார். "எதை வாங்கலாம் அண்ணா?" இதுதான் கேள்வி.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். விண்டோஸுக்கு இன்னும் அப்டேட் வந்துட்டு இருந்தா, பெரும்பாலான வீடுகளுக்குத் தனியா எதுவும் வாங்கத் தேவையில்லை. ஆனா இந்த வீட்டுக்குக் காசு செலவு பண்ண வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. அது ஆன்டிவைரஸ் பெட்டி இல்லை. அது என்னன்னு புரியணும்னா, இந்த ரெண்டு மென்பொருளும் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காதுன்னு பார்க்கணும்.

ஃபயர்வால்: கேட்ல நிக்கிற வாட்ச்மேன்

அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன், வெளியிலிருந்து வர்றவங்களை நிறுத்தி, "யாரைப் பார்க்கணும்?"னு கேட்பார். உள்ளே குடியிருக்கிறவங்க வெளியே போனா கேட்க மாட்டார். விண்டோஸ் ஃபயர்வாலும் அப்படித்தான். வெளியிலிருந்து தானா வர்ற இணைப்பை நிறுத்தும், உள்ளேயிருந்து கிளம்பற இணைப்பை விட்டுடும்.

கடைக்காரர் சொன்ன மாதிரி ஃபயர்வால் இல்லாத விண்டோஸ் இன்னிக்குக் கிடையாது. எக்ஸ்.பி. வந்த புதுசுல ஃபயர்வால் இருந்தும் அணைஞ்சே கிடந்தது. 2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர் வோர்ம் உலகம் முழுக்கச் சுத்திச்சு. அடுத்த வருஷம் வந்த சர்வீஸ் பேக் 2ல ஃபயர்வாலைத் தானாகவே ஆன் ஆகற மாதிரி மாத்தினாங்க. அதுக்கப்புறம் யாராவது அணைச்சாதான் அது அணையும். உங்க வீட்டு வைஃபை ரவுட்டரும் வெளியிலிருந்து கேட்காம வர்ற இணைப்பைப் பொதுவா உள்ளே விடாது. ஆக, ரெண்டு வாட்ச்மேன் ஏற்கெனவே இருக்காங்க.

அப்புறம் எப்படி ஆபத்து வருது? நாமே கதவைத் திறந்து வைக்கும்போதுதான். சின்ன பிசினஸ்களில் இது சகஜம். "ஆடிட்டர் அவர் இடத்திலிருந்தே டேலியைப் பார்க்கணும்"னு யாரோ ஒருத்தர் ரவுட்டர்ல 3389 போர்ட்டைத் திறந்து வெச்சுட்டுப் போயிருப்பார். அது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான போர்ட். இப்படித் திறந்திருக்கிற மெஷின்களைத் தேடிக்கிட்டே இருக்கிற புரோகிராம்கள் இருக்கு. கண்டுபிடிச்சதும் பாஸ்வேர்டை ஒண்ணொண்ணா போட்டுப் பார்க்கும். ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழையற பழைய வழிகளில் இது முக்கியமானது. எத்தனை ஆயிரம் ரூபாய்க்கு ஃபயர்வால் வாங்கினாலும், இந்தக் கதவு திறந்திருந்தா பிரயோஜனம் இல்லை.

59 நாள்

2017 மே 12 அன்னிக்கு வானாக்ரை ரான்சம்வேர் கிளம்பிச்சு. யாரும் எதையும் கிளிக் பண்ண வேண்டியதே இல்லை. ஃபைல் ஷேரிங்குக்கான 445 போர்ட் வழியா, மெஷின்லேருந்து மெஷினுக்குத் தானா தாவிச்சு. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அப்பாயின்ட்மென்ட்களை ரத்து பண்ற நிலைமை. ஆனா அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துடுச்சு. நடுவில் 59 நாள். "அப்டேட்டா, அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப்போட்ட மெஷின்கள்தான் அதிகம் மாட்டிச்சு.

இது எங்கேயோ தூரத்து விஷயம் இல்லை. 2021 செப்டம்பர்ல நம்ம தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களிலேயே ரான்சம்வேர் புகுந்து, 1,950 டாலரை கிரிப்டோவில் கேட்டது செய்தியா வந்தது. ஒரு அரசுத் துறைகிட்ட கேட்ட தொகை, அன்னிக்கு மதிப்பில் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். ஒரு லேத் யூனிட்காரர்கிட்டயும் கேட்கக்கூடிய தொகைதான் அது. பெரிய ஆளா பார்த்துத்தான் அடிப்பாங்கன்னு நினைக்காதீங்க.

டிஃபெண்டர் போதுமா?

விண்டோஸ் 8 வந்த 2012லேருந்து ஆன்டிவைரஸ் விண்டோஸுக்குள்ளேயே வருது. டிஃபெண்டர்னு பேர். ஜெர்மனியில் ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ்னு ரெண்டு தனி ஆய்வகங்கள் ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதிச்சு மார்க் போடறாங்க. யூடியூப் ரிவ்யூவை விட இவங்க அட்டவணையைப் பாருங்க. ஆரம்பத்தில் பின்தங்கியிருந்த டிஃபெண்டர், சமீப வருஷங்களில் ஏ.வி. டெஸ்டின் பாதுகாப்புப் பிரிவில் முழு மார்க்கோ அதுக்குப் பக்கத்திலோ வாங்குது.

ஒரு குறை உண்டு. டிஃபெண்டரின் பலத்தில் பெரிய பங்கு நெட் வழியா மைக்ரோசாஃப்ட் சர்வரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான். நெட் இல்லாம சோதிச்சா, அது கண்டுபிடிக்கிற அளவு முன்னணி ஆன்டிவைரஸ்களை விடக் குறையுது. ஒர்க்‌ஷாப்பில் நெட் இல்லாம நிக்கிற மெஷின், அதுல நாலு கம்பெனி பென் டிரைவ் மாறி மாறிச் சொருகற நிலைமைன்னா, காசு கொடுத்து வாங்கறதுக்கு நியாயம் இருக்கு. வாங்கறதுன்னா நம்ம ஊர்லயே கே7 இருக்கு. கேசவர்தனன் 1991ல சென்னையில் தொடங்கின கம்பெனி. ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் விற்கிற வைரஸ் செக்யூரிட்டி ஜீரோவுக்குள்ள ஓடறதும் இவங்க இன்ஜின்தான். புனேவின் குவிக் ஹீலும் இருக்கு. ரெண்டில் எதுன்னு கேட்டா, நான் பேரைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். அந்த மாச ஆய்வக மார்க்கைப் பாருங்க, ரினியூவலுக்கு எவ்வளவு கேட்கறாங்கன்னு பாருங்க, டிரையல் போட்டு மெஷின் மந்தமாகுதான்னு பாருங்க.

ஒண்ணே ஒண்ணுதான் போடணும். வேற ஆன்டிவைரஸ் வந்தா டிஃபெண்டர் தானா ஒதுங்கிடும். அதனால லேப்டாப்போட வந்த டிரையல் காலாவதி ஆகியிருந்தா, அதை அப்படியே விடாம அன்இன்ஸ்டால் பண்ணுங்க. ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா ரெண்டு மடங்கு பாதுகாப்புங்கறது தப்புக் கணக்கு. ஆன்டிவைரஸ்ங்கறது மெஷினின் ஒவ்வொரு ஃபைலையும் தொடக்கூடிய அனுமதியோட ஓடற மென்பொருள். அதுலயே ஓட்டை இருந்தா? இ-ஸ்கேனின் அப்டேட்கள் குறியாக்கம் இல்லாத இணைப்பில் இறங்கினதைப் பயன்படுத்தி, நடுவில் புகுந்து மால்வேரை அனுப்பினாங்கன்னு 2024 ஏப்ரலில் அவாஸ்ட் ஆய்வாளர்கள் வெளியிட்டாங்க. அந்த ஓட்டையை அதுக்கு முன்னாடியே அடைச்சாச்சு. சொன்ன அவாஸ்ட் மட்டும் என்ன? தன் மென்பொருள் வழியா சேர்த்த பிரவுசிங் விவரங்களை ஒரு துணை நிறுவனம் மூலமா வித்ததுக்காக, அதே 2024ல அமெரிக்காவின் எஃப்.டி.சி. அவங்க மேல 1.65 கோடி டாலர் விதிச்சது. "ஃப்ரீ"ன்னா, யார் எதுக்காகத் தர்றாங்கன்னு ஒரு தடவை யோசிங்க.

ஆன்டிவைரஸ் தோக்கற இடம்

தம்பி கேம் விளையாடறான்னு சொன்னீங்க இல்ல? அங்கேதான் எனக்குப் பயம். வீட்டு யூசர்களை அதிகம் அடிச்ச ரான்சம்வேர்களில் ஒண்ணு ஸ்டாப் டிஜேவு. அது பரவின முக்கிய வழி கிராக் சாஃப்ட்வேர், கீஜென், ஆக்டிவேட்டர். கிராக் கூட வர்ற குறிப்பில் முதல் வரியே, "ஆன்டிவைரஸை அணைச்சுட்டு இன்ஸ்டால் பண்ணவும்"னு இருக்கும். நாமே வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிட்டு, பார்சலைக் கையில் தூக்கிட்டு உள்ளே வர்ற கதை. "பேங்க்லேருந்து பேசறோம், எனிடெஸ்க் போடுங்க"ன்னு வர்ற காலும் அதே ரகம். எனிடெஸ்க் வைரஸ் இல்லை, நேர்மையான மென்பொருள். அதனால எந்த ஆன்டிவைரஸும் கத்தாது.

விண்டோஸ் 10 வெச்சிருக்கவங்க கவனிக்க

விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. வீட்டு யூசர்கள் இ.எஸ்.யூ. திட்டத்தில் பதிவு பண்ணினா 2026 அக்டோபர் 13 வரை செக்யூரிட்டி அப்டேட் வரும். குழப்பம் எங்கேன்னா, டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கு. அதனால எல்லாம் பச்சை டிக் காட்டும். ஆனா விண்டோஸிலேயே புதுசா வர்ற ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டாங்க. சுவர்ல விரிசல் விட்டா புது வாட்ச்மேன் போட்டுப் பயன் இல்லை.

2011ல திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வெச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கின மெஷின்கள் நம்ம ஏரியா வீடுகளில் இன்னும் ஓடுது. அதுல விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 7 இருந்தா அதுக்கு 2020 ஜனவரியிலேயே அப்டேட் நின்னாச்சு. அதில் பேங்க் வேலையோ கணக்கோ வேண்டாம். லினக்ஸ் மின்ட் போட்டுப் படிக்க, படம் பார்க்க வெச்சுக்கலாம்.

ஆவடி வீட்டுக்கு என் லிஸ்ட்

1. விண்டோஸ் அப்டேட்டைத் திறந்து, கடைசியா எப்போ ஆச்சுன்னு பாருங்க. இதுக்குக் காசு இல்லை.

2. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. போர்ட் ஃபார்வேர்டிங் பக்கத்தில் என்ன திறந்திருக்குன்னு பார்த்து மூடுங்க.

3. தம்பிக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி அக்கவுன்ட் போடுங்க. அப்பா கணக்கு வேற அக்கவுன்ட்ல இருக்கட்டும்.

4. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் இருக்கும், பொதுவா அணைஞ்சிருக்கும். ஆன் பண்ணி, டேலி டேட்டா ஃபோல்டரை அதில் சேருங்க. டேலியை அனுமதிப் பட்டியலில் போடுங்க, இல்லைன்னா அதையே எழுத விடாது. டிஃபெண்டர் வேலை செய்யற மெஷின்ல மட்டும்தான் இந்த வசதி.

5. காசு இங்கேதான். அந்த மூணு வருஷ பேக்குக்கு வெச்ச பணத்தோட கொஞ்சம் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. வாரம் ஒரு நாள் டேலி பேக்கப், டிராயிங், ஸ்கேன் எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டு, கேபிளைக் கழட்டி பீரோவில் வைங்க. கழட்டறதுதான் முக்கியம். சொருகியே இருந்தா, ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிடும்.

மெஷின்ல ஏற்கெனவே ஏதோ இருக்குன்னு சந்தேகமா? செர்ட்-இன் நடத்தற சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவச கிளீனிங் டூல்கள் இருக்கு. பணம் போயிருந்தா யோசிக்காம உடனே 1930க்கு அடிங்க.

ஆவடித் தம்பி, அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: "இன்னிக்கு ராத்திரி இந்த மெஷின் செத்துப்போனா, நாளைக்குக் காலையில் யாருக்கு எவ்வளவு பில் போடணும்னு நம்மகிட்ட இருக்கா?" இருக்குன்னு அவர் சொன்னா, எந்த ஆன்டிவைரஸ்ங்கறது சின்னக் கேள்விதான்.

அடுத்த எபிசோட் பாஸ்வேர்ட் மேனேஜர் பத்தி. பேசுவோம்.