தலையணைக்குள் வாழும் தூசு உண்ணி

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அதிகாலைத் தும்மலுக்குத் துறைமுகத் தூசியே காரணம் என்று கருதுவது இயல்பே. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவதை நீதிமன்றம் 2011இல் நிறுத்தி, எண்ணூருக்கு மாற்றச் செய்யும் அளவுக்கு அத்தூசி இங்குப் பெருந்தொல்லையாக இருந்தது. ஆயினும் படுக்கையிலேயே தொடங்கும் ஒவ்வாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு: உதிரும் தோற்செதில்களைத் தின்று, இலவம்பஞ்சு மெத்தையிலும் தலையணையிலும் வாழும், எட்டுக் கால்களும் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நீளமும் உடைய, சிலந்திக்கு உறவான தூசு உண்ணி.

இது நீர் அருந்துவதில்லை. காற்றின் ஈரத்தையே உடலுக்குள் இழுத்துக்கொள்வதால், ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் உலர்ந்து மடிகிறது. கடற்காற்று வீசும் வடசென்னையில் அத்தகைய வறட்சி அரிது.

உண்ணி கடிப்பதில்லை, தொல்லை தருவது அதன் எச்சம். எச்ச உருண்டைகளில் எஞ்சியிருக்கும், புரதத்தைச் சிதைக்கும் செரிமான நொதி, மூச்சுக்குழாயின் உட்சவ்வுச் செல்களைப் பிணைத்திருக்கும் இணைப்புகளை அறுத்து உள்ளே நுழைகிறது. ஒவ்வாமைக்கு ஆட்படும் உடல் அதை எதிரியாகக் கருதி ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்க, அது மாஸ்ட் செல்களில் ஒட்டிக்கொண்டு, மறுமுறை அதே நொதி வரும்போது ஹிஸ்டமினை வெளியேற்றச் செய்வதால் மூக்கொழுகுதலும் கண் அரிப்பும் இளைப்பும் தோன்றுகின்றன. புகையாலும் சாம்பலாலும் ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழாயில் இவ்விளைவு கடுமையாகும் என்பதால், இப்பகுதியில் வெளித்தூசியையும் உள்தூசியையும் பிரித்துப் பார்ப்பது பிழையாகும்.

உறைகளை வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் உண்ணி இறக்கும். மெத்தையை மொட்டைமாடி வெயிலில் காயவைத்துத் தட்டுவதும் நன்றே, ஆனால் தட்டுபவர் இளைப்பு நோயாளியாக இருத்தல் கூடாது.