மறதியின் தடயம் இரத்தத்தில் தெரியுமா?

காலையில் பசியாறிய பாட்டி, பத்து மணிக்கு "எனக்கு இன்னும் பசியாறத் தரலையே" என்று கேட்கிறார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். பத்து பாகாட்டில் பெற்றோர் வேலைக்காக ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிடும் வீடுகளில், இந்த மாற்றத்தை முதலில் கவனிப்பவர் மாணவராகிய நீங்களாகவே இருக்கலாம்.

2018-இல் நம் நாட்டில் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 60 வயதைத் தொட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். அதாவது, ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு.

மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதும், டாவ் என்ற புரதம் முடிச்சு முடிச்சாகத் திரள்வதும் அதன் அடையாளங்கள். மறதி வெளியில் தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. அதை உறுதிசெய்ய விலையுயர்ந்த 'பெட்' ஸ்கேன் எடுக்க வேண்டும். அல்லது கீழ் முதுகில் ஊசி செலுத்தி நீர் எடுக்க வேண்டும்.

இப்போது இரத்தமே துப்புக் கொடுக்கிறது. அமிலாய்டு மூளையிலேயே தங்கிவிடுவதால் இரத்தத்தில் அதன் ஒரு வகை குறைகிறது. பி-டாவ் 217 என்ற புரதம் கூடுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளக்கும் சோதனைக்கு, 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. 499 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், 'உண்டு' என்று வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு மற்றச் சோதனைகளிலும் அமிலாய்டு உறுதியானது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு அது இல்லை. ஆயினும், ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோருக்குத் தெளிவான முடிவு கிடைக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் நாகேந்திரன் கந்தையா தலைமையிலான குழு, ஏறக்குறைய 1,000 பேரின் மூளை ஸ்கேனையும் இரத்தக் குறியீடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. 2025-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு மருத்துவ மாணவர்!

ஆனால், இச்சோதனை மறதி அறிகுறி உள்ளவர்களுக்கே உரியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பி-டாவ் கூடலாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஆகவே, பாட்டி எதை மறந்தார், எப்போது மறந்தார் என்று தேதியோடு குறித்து வையுங்கள். அந்தக் குறிப்போடு அவரை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.